விலங்கு பூட்டிய பிறகு முழங்கால் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் குடித்துவிட்டுத் தகராறு செய்த ஒருவரை இரண்டு போலீஸ்காரர்கள் குப்புறத் தள்ளிக் கைவிலங்கு மாட்டினார்கள். அதன் பிறகும் ஒருவர் அவர் முதுகில் முழங்காலை ஊன்றியபடியே இருந்தார். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா சார்? பயிற்சியிலேயே இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இடம் இல்லை. கைதாகிறவர் திமிறினால் அடக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 43-வது பிரிவு. (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் இருப்பது இதுதான்.) தப்பி ஓடாமல் தடுப்பதற்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46-வது பிரிவு. கை இரண்டும் பூட்டியாகிவிட்டது, ஆள் தரையில் கிடக்கிறார். அப்புறம் முழங்காலுக்கு என்ன வேலை? கைவிலங்கே சந்தேகம்தான். கொலை, பாலியல் வன்கொடுமை, போதைப்பொருள் போன்ற குற்றங்கள், காவலிலிருந்து தப்பியவர்கள், திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்கள் என்று யாருக்கு விலங்கு மாட்டலாம் என்பதற்கு 43-வது பிரிவு ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. வெறும் குடிபோதைத் தகராறு அதில் வராது.

வேலூர் கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளியில் வகுப்பு எடுத்த காலத்தில், பிள்ளைகளை இதைச் செய்தே பார்க்க வைப்பேன். ஒருவன் கையைப் பின்னால் கட்டிக் குப்புறப் படுப்பான். இன்னொருவன் அவன் முதுகில் லேசாக முழங்காலை வைப்பான். கீழே கிடப்பவன் பெயர், ஊர், செஸ்ட் நம்பர் சொல்ல வேண்டும். நம்பர் வருவதற்குள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். மூச்சு விட நெஞ்சு விரிய வேண்டும், வயிறு அசைய வேண்டும். மேலே பாரம் ஏறினால் இரண்டும் சரியாக நடக்காது. குடித்தவர், பருமனானவர், ஓடிக் களைத்தவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். “பேசுறான்ல, அப்போ மூச்சு வருது” என்று சில காவலர்கள் சொல்வார்கள். உயிரைக் குடிக்கும் நினைப்பு அது. இரண்டு வார்த்தை பேசக் கொஞ்சம் காற்று போதும், உயிரோடு இருக்க அது போதாது. 2020-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில், விலங்கு பூட்டிய பிறகும் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்த ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவர், மூச்சு விட முடியவில்லை என்று பலமுறை சொல்லிவிட்டுத்தான் செத்தார். விலங்கு பூட்டிய உடனே ஒருக்களித்துப் புரட்டு, உட்கார வை, அப்புறம் எழுப்பு. நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

அவருக்குக் காயம் இருந்தால், கைதானதும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் காட்டி எழுதச் சொல்ல வேண்டும். அறிக்கையின் நகல் கைதானவருக்கு உரியது. கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வாய்க்கால் தகராறில் அவரைக் கைது செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, அணைக்கட்டு

பதில்: 3 ஆண்டுக்கும் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால், 60 வயதைத் தாண்டியவரை டி.எஸ்.பி.யின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாதும்மா. அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 35(7) பிரிவு. ஆனால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அப்பா தட்டாமல் போகட்டும். போகாவிட்டால் அதையே காரணம் காட்டிக் கைது செய்ய வழி உண்டு.