மூன்று புதன்கிழமைகள்

அன்புள்ள அம்மா,

என் மனைவிக்குத் தலைப்பிரசவம் ஆகி 52 நாள்கள் ஆகின்றன. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு சென்றதிலிருந்தே காரணமின்றி அழுதுகொண்டிருந்தாள். குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். இப்போது குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்குவதில்லை. பெண் குழந்தை என்பதில் என் அம்மாவுக்குச் சிறிது வருத்தம் உண்டு. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிறுதோறும் சென்று வருகிறேன். சென்ற வாரம் கிளம்பும்போது, "பிள்ளைய நீங்க நல்லாப் பாத்துக்குவீங்கல்ல?" என்று கேட்டாள். மாத்திரை கொடுத்தால் பாலில் கலந்துவிடும் என்று மாமியார் அஞ்சுகிறார். ஜாதகப்படி ஆடி வரை இப்படித்தான் இருக்குமாம். அவள் முன்பு நிறைய வாசித்தவள். மனம் தேற என்ன புத்தகங்கள் கொடுக்கலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

உங்கள் மடல் வந்த இரவே தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி.

புத்தகம் பிறகு. கடிதத்தின் நடுவில் ஒரு வரியை, பேருந்து ஏறிய செய்தியைப் போல எழுதிக் கடந்துவிட்டீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டால், தான் இல்லாத நாளை அவள் எண்ணிப் பார்த்திருக்கக்கூடும். அதைக் கேட்ட பிறகும் நீங்கள் ஊருக்குக் கிளம்பினீர்கள். "என்ன நினைத்து அப்படிக் கேட்டாய்?" என்று திருப்பிக் கேட்க உங்களுக்குப் பயமாக இருந்திருக்கும். கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிட்டதாக ஆகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பது தெரியவருகிறது, அவ்வளவுதான்.

பிரசவத்தை ஒட்டி வரும் இந்த மனச்சோர்வு நோயை அனுபவித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். 1996இல் என் மூத்த மகள் பிறந்தபோது கோவில்பட்டிப் பக்கம் கிராமத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். 45ஆம் நாள், ஒரு புதன்கிழமை, தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போனோம். செவிலியர் எடை பார்த்தார், தொடையில் ஊசி போட்டார், "பால் நல்லாக் குடிக்குதா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மா பதில் சொன்னாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, வீறிட்டு அழும் என் குழந்தையை யார் வீட்டுக் குழந்தையோ போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் எல்லாம் சரியாக எழுதப்பட்டது.

குழந்தையைக் குளிப்பாட்ட ஓர் ஆச்சி வருவார். கால்களை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறக் கிடத்தி வெந்நீர் ஊற்றுவார். ஒருநாள், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, தலை நிமிராமலே, "ஏட்டி, உண்மையச் சொல்லு. கிணத்துப் பக்கம் போகச் சொல்லுதா மனசு?" என்றார். "ஆமா ஆச்சி" என்றேன். அவர் பதறவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. குழந்தையைத் துவட்டி, சாம்பிராணி காட்டி, தொட்டிலில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றிரவு முதல் என்னோடு படுத்தார். பால் கொடுக்க மட்டும் என்னை எழுப்பினார். அந்த வாரமே, அம்மாவையும் இழுத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடம் என்னை உட்கார வைத்தார்.

ஆச்சி கேட்ட கேள்விக்கென்று ஒரு வினாத்தாளும் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலில், கடந்த 7 நாள்களைப் பற்றி 10 கேள்விகள் உண்டு. பத்தாவது, ஆச்சியின் கேள்விதான். அதன் தமிழ் வடிவத்தையும் 2005இலேயே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். நிரப்ப ஐந்து நிமிடம் போதும். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போட, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று புதன்கிழமைகள் தாய் தானாகவே வருகிறாள். அந்த வாரங்களிலேயே இந்நோயைக் கண்டுபிடித்துவிட முடியும். ஒவ்வொரு முறையும், கூட வந்த அவள் அம்மாவையும் மாமியாரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவளைத் தனியாகக் கேட்க வேண்டும். வேலூரை அடுத்த கிராமப் பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 11 பேர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பதும், மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனக்கசப்பும், ஒத்தாசைக்கு ஆளில்லாமையும் அதன் காரணங்களில் சில. அப்படியிருக்க, அவர்கள் எதிரிலேயே அவள் எப்படி வாய் திறப்பாள்? உங்கள் அம்மாவின் "சிறிது வருத்தம்" உங்கள் மனைவிக்குச் சிறிதாக இருந்திருக்காது.

ஜாதகத்தை மூடி வையுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் சாதாரண அழுகை இரண்டு வாரத்தில் தானாகத் தணியும். இது ஏழாம் மாதமே தொடங்கியது. மாத்திரையைப் பற்றி உங்கள் மாமியாருக்கு இருக்கும் அச்சம் நியாயமானது என்றாலும், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேர்கின்றன. பால் கொடுப்பதைச் சொன்னால் மனநல மருத்துவர் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார். அதுவரை உங்கள் மனைவியைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். நடுராத்திரியில் தவித்தாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரவில் பால் குடித்த குழந்தையை நீங்கள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவரைத் தூங்க விடுங்கள்.

விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள் என்று கேட்டு நிம்மதியடைந்தேன். ஒருநாள் அவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிடுவார். அதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு மூன்றாம் மாதம் அப்படி நிறுத்தினார்கள். அடுத்த மாதமே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. புத்தகம் வேண்டுமென்று அவரே கேட்கும் நாளில் எனக்கு எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.