மதுரைப் பக்கம் இருந்துகொண்டே வொர்க்கிங் எக்விடேஷன் தடைகளுக்குக் குதிரையைப் பழக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். அழகர்கோவில் சாலைப் பக்கம் தோப்பில் ஒரு கத்தியவாரி இனப் பெண்குதிரை வைத்திருப்பதாகவும், நடை, ட்ராட் (துள்ளு நடை), கேன்டர் (மெல்லோட்டம்) மூன்றிலும் ஓட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாலம், டிரம், படல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் படலை மட்டும் கட்டுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி நாடுகளில் குதிரை மேல் இருந்தபடியே மாடு மேய்ப்பவர்களின் வேலையிலிருந்து பிறந்த போட்டி இது. முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 1996இல் இத்தாலியில் நடந்தது. டிரெஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரை ஒழுங்காகச் செய்து காட்டுவது), தடைகளை நேர்த்தியாகக் கடப்பது, நேரம் குறித்து வேகமாகக் கடப்பது, மந்தையிலிருந்து மாட்டைப் பிரித்து ஓட்டுவது என்று நான்கு சுற்று. நேர்த்திச் சுற்றில் ஒவ்வொரு தடைக்கும் தனித்தனியாக மதிப்பெண் உண்டு, நேரம் கணக்கில் வராது. மேல் வகுப்புகளில் லகானை ஒரு கையில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

ஏன் படல்? குதிரை மேல் இருந்தபடி ஒரு கையால் தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே போய், திரும்பவும் சாத்த வேண்டும். அதுவரை அந்தக் கை படலை விடக்கூடாது. இதற்குக் குதிரை அசையாமல் நிற்க வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும், இருந்த இடத்திலேயே திரும்ப வேண்டும், இரண்டு எட்டு பின்னால் வர வேண்டும். மற்ற தடைகள் பெரும்பாலும் இந்த நாலு வேலைகளை வேறு வேறு வரிசையில் கேட்பவைதான். தரையில் கிடக்கும் கம்பின் மேலாகப் பக்கவாட்டில் நடப்பது, கம்புகளுக்கு நடுவே போய் மணி அடித்துவிட்டுப் பின்வாங்கி வருவது, மேசைமேல் இருக்கும் கூஜாவை எடுத்துக் காட்டித் திரும்ப வைப்பது எல்லாமே அப்படித்தான்.

பழக்குவதைக் கீழே நின்று தொடங்குங்கள். வாரை இறுக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், விலாவில் விரலால் அழுத்துங்கள். அது ஒரு எட்டு விலகிய நொடியே விரலை எடுத்துவிடுங்கள். அழுத்துவதால் குதிரை கற்பதில்லை, சரியான நேரத்தில் விடுவதால்தான் கற்கிறது. இதில் தாமதித்தால் எத்தனை மாதம் உழைத்தாலும் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு பக்கமும் தடையில்லாமல் நகர ஆரம்பித்த பிறகு மேலே ஏறி, அதே இடத்தில் காலால் கேளுங்கள். அப்புறம்தான் படலுக்குப் பக்கத்தில் போக வேண்டும். அங்கே போனதும் தாழ்ப்பாளைத் தொடக்கூட வேண்டாம். பக்கத்தில் நின்று, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, திரும்பி வந்துவிடுங்கள். படல் என்றால் நிற்கும் இடம் என்று அதன் மனதில் பதிய வேண்டும். நிஜப் படல் கிடைக்காவிட்டால் இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டினால் போதும், போட்டிகளிலும் கயிற்றுப் படல் உண்டு.

பாலத்தில் பயம் உயரத்தால் வருவதில்லை, பலகையில் குளம்பு படும் சத்தத்தால் வருகிறது. கெட்டிப் பலகையைத் தரையோடு தரையாகப் போட்டு, கையில் பிடித்து நடத்துங்கள். வழுக்காமல் இருக்கத் தேங்காய் நார் விரிப்பை ஆணி அடித்து இறுக்குங்கள். உயரத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். குதிரையும் ஆளும் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டிவிடும், அடிக்கட்டையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

8 வடிவில் சுற்றிவர வேண்டிய இரண்டு டிரம்களுக்கு நடுவே போட்டியில் 3 மீட்டர்தான் இடைவெளி. நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கு விட்டு, நடையிலேயே சுற்றுங்கள். வட்டம் உருண்டையாக வந்த பிறகு நெருக்கினால் போதும். இடையில் வளைந்து வளைந்து போக வேண்டிய ஒற்றை வரிசைக் கம்பங்களுக்குச் சவுக்குக் கம்பைச் சிமெண்ட் வாளியில் நட்டுக்கொள்ளுங்கள், 6 மீட்டருக்கு ஒன்று.

கரோச்சா என்னும் நீளக் கழியை டிரம்மிலிருந்து உருவி, வளையத்தைக் குத்தி எடுத்து, இன்னொரு டிரம்மில் போட வேண்டும். நம் ஊர் மூங்கில் கழியே போதும். முதலில் யாராவது கழியோடு குதிரைக்கு முன்னால் நடக்கட்டும், அது தானாகப் பின்தொடரும். கழி டிரம்முக்குள் விழும் சத்தத்தில்தான் நிறைய குதிரைகள் மிரளும். அடியில் கொஞ்சம் மணலைப் போட்டுவையுங்கள்.

வைக்கோல் கட்டைத் தாண்டுவது பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம், கத்தியவாரிக்கு அது பெரிய வேலையே இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வண்டிக் குதிரையாக இருந்ததை வாங்கியிருந்தால், கடிவாளத்தைக் கழற்றிப் பாருங்கள். முள் வைத்த கடிவாளம் என்றால் அன்றே தூக்கி எறியுங்கள். வண்டி, சுமை விலங்குகளுக்கு அதைப் போடக்கூடாது என்று 1965ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. வாயில் வலியோடு இருக்கும் குதிரை படலுக்குப் பக்கத்தில் அமைதியாக நிற்கவே நிற்காது. சாதாரண ஸ்னாஃபிள் (முள் இல்லாத மென்மையான கடிவாளம்) போதும்.

சித்திரை வைகாசியில் வெயில் ஏறும் முன்பே வேலையை முடித்துவிடுங்கள். அழகர் உங்கள் சாலை வழியாகப் போகும் நாட்களில் வேட்டுச் சத்தம் இருக்கும், அப்போது புதிதாக எதையும் கற்றுத்தராதீர்கள். வற்றிய கண்மாய்க்குள் பழக்குகிறவர்கள் வெடிப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் குளம்பு மாட்டினால் கால் போய்விடும்.

வேகச் சுற்றுக்கென்று குதிரையை விரட்டிப் பழக்காதீர்கள், நேர்த்திச் சுற்றில் சேர்த்த நிதானம் கெட்டுவிடும். நேரம் குறைவது தடைகளுக்கு இடையே உள்ள பாதையில்தான். போட்டிக்கு முன்னால் களத்தை நடந்து பார்க்க விடுவார்கள். சிவப்புக் கொடி வலது கைப்பக்கம், வெள்ளைக் கொடி இடது கைப்பக்கம் வரும்படி ஒவ்வொரு தடையிலும் நுழைய வேண்டும். எந்தத் தடையை முடித்து எந்தப் பக்கம் திரும்பினால் அடுத்தது நேராக வரும் என்று காலால் நடந்தே மனப்பாடம் செய்யுங்கள். வரிசை மாறிப் போனால் வெளியேற்றிவிடுவார்கள், எவ்வளவு நன்றாக ஓட்டியிருந்தாலும்.