வருமானம் குறைந்தபின் தாபரிப்புப் பணம்

மதிப்பிற்குரிய ஐயா,

மனைவிக்கும் மகளுக்குமாக மாதம் 30,000 ரூபாய் தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுப் பணம்) கட்டும்படி நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்டபோது என்னிடம் உழவு இயந்திரம் இருந்தது. 2021 உரத்தடையிலும் மறு ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டிலும் ஏறிய லீசிங் நிலுவைக்காக அதை எடுத்துச் சென்றுவிட்டார்கள். இப்போது கூலிவேலை. மனைவி கார்மென்ட்ஸில் வேலைசெய்கிறார். நான்கு மாதமாக நான் பணம் கட்டவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு முடியும்வரை நிறுத்தி வைக்கலாமா?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

நிறுத்தி வைக்க வேண்டாம். விவாகரத்து வழக்கு நடக்கிறது என்பதற்காக நீதவானின் கட்டளை தானாக ஓய்ந்துவிடாது. கட்டாத ஒவ்வொரு மாதமும் நிலுவையாக ஏறும், அந்த நிலுவைக்காகப் பிடியாணை வரவும் கூடும். உங்கள் கைவறுமை உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் நீங்கள் வாய்திறவாமல் இருந்தால், இல்லாமையால் கட்டாதவருக்கும் மனமில்லாமல் கட்டாதவருக்கும் உள்ள வேறுபாட்டை நீதவான் எதைக்கொண்டு அறிவார்?

இலங்கையின் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், கட்டளை இடப்பட்டபின் ஒருவரது நிலைமை மாறியிருந்தால், அதை நிரூபித்துத் தொகையை மாற்றவோ கட்டளையை நீக்கவோ விண்ணப்பிக்க இடந்தருகிறது. அந்த விண்ணப்பத்தைக் கட்டளையிட்ட அதே நீதிமன்றத்தில், அடுத்த மாதக் கொடுப்பனவு வருமுன்பே கொடுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நிரூபிப்பதில்தான் வன்னியில் பலர் தடுமாறுகிறார்கள். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறது. உழவு இயந்திரக்காரருக்கோ காலபோக (மாரிகால நெற்செய்கை) உழவிலும் சூடடிப்பிலும் பணம் மொத்தமாக வரும். கோடைக்காலச் சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவுக்குத்தான் விதைப்பு, அவ்வளவுக்குத்தான் உழவு. ஆகவே வெறுங்கையாக இருந்த ஒரு மாதத்தை மட்டும் காட்டாமல் முழு ஆண்டின் வரவையும் செலவையும் எழுதிக் கொடுங்கள். இயந்திரத்தை எடுத்தபோது தந்த பத்திரம், லீசிங் பற்றுச்சீட்டுகள், கிராம அலுவலரின் வருமான உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். விவாகரத்து வழக்கில் அது முடியும்வரையான இடைக்காலத் தாபரிப்புக் கேட்கப்பட்டாலும் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர வருமானம் அங்கே பார்க்கப்படுவதால், பழைய கணக்குகளையும் எறிந்துவிடாதீர்கள். நண்பரின் பெயரில் ஓடும் வாகனத்தையோ குத்தகைக்கு விட்ட வயலையோ மறைத்தீர்களானால், அது வெளிப்படும் நாளில் உண்மையான இழப்பையும் எவரும் நம்பமாட்டார்கள்.

மனைவியின் வேலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தன்னைத்தானே பராமரிக்க முடியாத துணைக்கே இந்தச் சட்டம் தாபரிப்பை வழங்குகிறது என்பதால் அவரது சம்பளத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. மகளின் பங்கு வேறு. தாய் உழைக்கிறார் என்பதால் தகப்பனின் கடமை தீராது. இந்த இரண்டையும் ஒரே தொகையாகப் பேசுவதால் பிள்ளைகளே இழக்கிறார்கள். நீதிமன்ற விறாந்தையில் ஒரு தாய் தன் வங்கிப் புத்தகத்தை விரித்து, பணம் வராத மாதங்களுக்கு நேரே பென்சிலால் சிறு கோடுகள் போட்டிருந்ததைக் காட்டினார். அந்தக் கோடுகளில் இரண்டு, பிள்ளையின் கொப்பிகளும் சப்பாத்தும் வாங்க வேண்டிய தை மாதங்கள்.

விண்ணப்பம் விசாரிக்கப்படும்வரை, கூலியில் மிஞ்சுவது 5,000 ரூபாயானாலும், இதுவரை கட்டிவந்த வழியிலேயே கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அந்த நான்கு மாத நிலுவையைத் தவணையாகச் செலுத்த அனுமதி கேட்டு, எவ்வளவு இயலும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.