வேலைக்குப் போய்க்கொண்டே சிசிஎன்ஏ

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, கெடா மாநிலத்தின் பாடாங் செராய் வட்டாரத்திலிருந்து வந்தவை. நான்கும் சிஸ்கோ நிறுவனம் வழங்கும் சிசிஎன்ஏ என்ற கணினி வலையமைப்புச் சான்றிதழைப் பற்றியே கேட்கின்றன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் நிழலில் இருக்கும் ஊர் என்பதால் இதில் வியப்பில்லை. நால்வருக்கும் இவ்விதழிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. பெற்றோர் இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச்சை மாற்றுவது, கேபிள் இழுப்பது, ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் விலேன் எண் போடுவது எல்லாம் கைவந்த வேலைதான். ஆனால் சிசிஎன்ஏ புத்தகத்தை இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் ஒரு வலையமைப்பைச் சிறு சிறு வலையமைப்புகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் பாடத்தில் நிறுத்திவிட்டேன். அனுபவம் இருக்கும்போது இந்தப் படிப்பு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில்: உங்கள் நண்பர்களின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேலையில் இருப்பவர்கள் இத்தேர்வில் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த அனுபவத்தால்தான் என்பது என் கணிப்பு. வேலை நமக்கு "எப்படி" என்பதைக் கற்றுத் தருகிறது. தேர்வோ "ஏன்" என்று கேட்கிறது. ஏற்கெனவே தெரிந்ததுதானே என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகும் பழக்கம், புதிதாகப் படிக்க வருகிறவர்களைவிட நம்மிடம்தான் அதிகம்.

என் கதை ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், மேசைக்கு அடியில் கேபிள் முனை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ காலால் இழுத்துவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்தில் கிடந்த சிறிய ஸ்விட்ச்சின் காலித் துளையில் செருகினேன். அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் மாடி முழுவதும் கணினிகள் நின்றுபோயின. ஸ்விட்ச்சுகளின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் சிமிட்டிக்கொண்டிருந்தன. மேலாளர் வந்து கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் எல்லாம் உயிர்பெற்றது. "இந்தக் கேபிளைத் தொடாதே" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். அதுதான் அன்றைக்கு நான் பெற்ற "அனுபவம்".

அதன் காரணம், தேர்வுக்குப் படிக்கும்போதுதான் புரிந்தது. வலையமைப்பில் செல்லும் தகவல் துண்டான ஐபி பொட்டலத்துக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. வலையமைப்புகளை இணைக்கும் ஒவ்வொரு ரௌட்டரைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும், சுழியம் ஆனால் பொட்டலம் கைவிடப்படும். அந்தப் பொட்டலத்தைக் கேபிளில் சுமந்து செல்லும் ஈத்தர்நெட் சட்டகத்துக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை. எனவே ஸ்விட்ச்சுகளில் வளையம் ஒன்று உண்டாகிவிட்டால், எல்லாருக்கும் அனுப்பப்படும் ஒரே ஓர் ஒலிபரப்புச் சட்டகம் சாகாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, வலையமைப்பையே மூழ்கடித்துவிடும். இதைத் தடுக்கத்தான் ராடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் 1985ஆம் ஆண்டில் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார். கூடுதல் வழிகளை அந்த முறை தற்காலிகமாக அடைத்துவைக்கும். என் மேசைக்கு அடியில் கிடந்த மலிவு விலை ஸ்விட்ச்சுக்கு அது தெரியாது. இவ்வளவும் புரிந்த பிறகு சீட்டு தேவைப்படவில்லை. இந்தப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள விடை இதுதான்.

இனி சப்நெட்டிங். இரண்டு முறை நின்றுவிட்டேன் என்கிறீர்கள். இருமத்தில் ஒன்றும் சுழியமுமாக எழுதிப் பார்த்துச் சோர்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இருமத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், கணக்கை அதில் போட வேண்டியதில்லை. 192.168.10.77 என்ற முகவரியையும் /26 என்ற அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். /26 என்றால் மாஸ்க், அதாவது முகவரியில் எவ்வளவு பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண், 255.255.255.192. இப்போது 256இலிருந்து 192ஐக் கழியுங்கள், விடை 64. ஆகவே வலையமைப்புகள் 0, 64, 128, 192 என்று 64, 64ஆகத் தாவும். 77 என்பது 64க்கும் 128க்கும் இடையில் விழுகிறது. எனவே உங்கள் வலையமைப்பு 192.168.10.64, அதன் ஒலிபரப்பு முகவரி அடுத்த வலையமைப்புக்கு ஒன்று குறைவான 127, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை, மொத்தம் 62.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இது இன்னும் எளிது. 64 கதவுகள் கொண்ட ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் லயத்தின் பெயருக்கே போய்விடுகிறது. கடைசி எண் லயத்தார் அனைவரையும் ஒருசேரப் பெரட்டுக்கு (காலை வருகைக் கணக்குக்கு) அழைக்கும் குரலுக்குப் போய்விடுகிறது. குடியிருக்க எஞ்சியவை 62 வீடுகள். (எந்த நிர்வாகமும் 64 கதவு லயம் கட்டியிருக்காது என்று உங்கள் தந்தையார் சொல்வார். சொல்லட்டும்.)

இதை இரவு வேலை வாரங்களில் செய்யுங்கள். உடல் களைத்திருக்கும்போது புதிய பாடம் ஏறாது, ஆனால் இத்தகைய கணக்குகளைப் பத்து பத்தாகப் போட முடியும். கணிப்பான் இல்லாமல், அரை நிமிடத்துக்குள் ஒரு விடை வரும்வரை நிறுத்தாதீர்கள். பகல் வேலை வாரங்களில் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் புதிய பாடத்துக்கு ஒதுக்குங்கள். இந்த வேகத்தில் ஆறு மாதம் ஆகும். அதைவிடக் குறைத்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கடைசியாக ஒன்று. மேலதிகாரியின் அனுமதியோடு, உங்கள் தொழிற்சாலை ஸ்விட்ச்சுகளில் "ஷோ" என்று தொடங்கும் கட்டளைகளை மட்டும் அன்றாடம் இட்டுப் பாருங்கள். அவை தகவலைக் காட்டுவதோடு நின்றுவிடும், எதையும் மாற்றா. படித்த பாடம் எதிரில் உயிரோடு தெரியும். மாற்றிப் பார்க்கும் ஆசையைச் வலையமைப்பைக் கணினித் திரையிலேயே கட்டிப் பார்க்கச் சிஸ்கோ இலவசமாகத் தரும் பேக்கெட் டிரேசர் மென்பொருளில் தீர்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தி நடக்கும் இடத்தில் சோதனை வேண்டாம். நான் செருகிய கேபிளை மறவாதீர்கள்.

கேள்வி: நான் ஒரு தனியார் மருந்தகக் குழுமத்தில் கணினி உதவியாளராக இருக்கிறேன். டிப்ளோமா படித்தவள். நெட்வொர்க் பிளஸ் என்ற இன்னொரு வலையமைப்புத் தேர்வை எழுதுவதா, நேரே சிசிஎன்ஏவுக்குப் போவதா?

பதில்: சகோதரி, உங்கள் வேலையில் ரௌட்டரையும் ஸ்விட்ச்சையும் நீங்களே அமைக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். காம்ப்டியா என்ற அமைப்பு வழங்கும் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையான அளவுகோலில் 720 எடுத்தால் தேர்ச்சி. சிசிஎன்ஏ சிஸ்கோ கருவிகளைச் சார்ந்தது, கட்டளைகளை இட்டுப் பழக வேண்டும், ஆழமும் கூடுதல். இரண்டும் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இரண்டுக்கும் கட்டணம் கட்டும் வசதி பலருக்கு இருக்காது. வலையமைப்புத் துறையிலேயே நிலைக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், நெட்வொர்க் பிளஸ் பாடத்தைப் படித்துவிட்டு அத்தேர்வை எழுதாமலே சிசிஎன்ஏவுக்குப் போகலாம். நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

கேள்வி: சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 அமெரிக்க டாலர் கட்டணம். என் சம்பளத்தில் அது பெரிய தொகை. முதலாளி கொடுப்பாரா? விடைத்தொகுப்பு வாங்கிப் படித்தால் ஒரே தடவையில் தேறலாம் என்கிறார்களே?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். கசிந்த கேள்விகளைப் படிப்பது, தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு முரணானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் பறிக்கப்படும். வேலையில் முதல் நாள் ஸ்விட்ச்சின் முன் உட்காரும்போது அந்தத் தொகுப்பு உதவவும் போவதில்லை.

கட்டணம் பற்றி: உங்கள் நிறுவனத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் இருந்து, அது மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் துறையைச் சேர்ந்ததாக இருந்தால், முதலாளி மாதந்தோறும் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை, பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்ஆர்டி கார்ப் அமைப்புக்கு வரியாகச் செலுத்துகிறார். அது முதலாளியின் பணம், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தொழிலாளர் பயிற்சிக்கு அந்த நிதியிலிருந்து மானியம் கோரலாம். பல நிறுவனங்களில் அந்தப் பணம் யாரும் கேட்காமல் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். மனிதவளப் பிரிவில் வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள். பயிற்சியின் பெயர், செலவு, உங்கள் வேலைக்கு அதனால் வரும் பயன் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பம் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே போக வேண்டும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

கேள்வி: சென்ற மாதம் சிசிஎன்ஏ எழுதித் தோற்றுவிட்டேன். வீட்டிலிருந்தே எழுதினேன். தமிழ்ப் பள்ளியில் படித்தவன், ஆங்கிலக் கேள்விகளைப் படிக்கவே நேரம் போய்விட்டது. மறுபடியும் எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். தோற்றவர் ஐந்து நாள் காத்திருந்து, முழுக் கட்டணமும் மீண்டும் கட்டி எழுதலாம். ஆனால் ஐந்தாம் நாளே பதிந்துவிடாதீர்கள்.

இரண்டு மணி நேரத் தேர்வில் முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. அதனால் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இறுதியில் எளிய கேள்விகளை இழப்பார். தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் நடக்கிறது, தமிழிலோ மலாயிலோ இல்லை. எனவே இனி நீங்கள் படிக்க வேண்டியது வலையமைப்பை மட்டுமல்ல, கேள்வி அமைக்கப்படும் ஆங்கிலத்தையும். மாதிரிக் கேள்விகளில் எத்தனை விடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள், எதை "முதலில்" செய்ய வேண்டும் என்கிறார்கள் என்பதை விரலால் தொட்டுத் தொட்டுப் படியுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் எனக்கு அது பயன்பட்டது.

வீட்டிலிருந்து எழுதும்போது அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, மேசை காலியாக இருக்க வேண்டும். குழந்தை ஓடிவந்தால்கூடத் தேர்வை நிறுத்திவிடலாம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அதிரும் ஊரில் தேர்வு மையத்துக்குப் போய் எழுதுவதே நிம்மதி. பதியும்போது மையங்களின் பட்டியல் வரும். முந்தைய நாள் இரவு வேலை இல்லாத தேதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்ததும் உங்களுக்குக் கிடைத்த மதிப்பெண் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பகுதி வாரியாக உங்கள் விழுக்காடு அதில் இருக்கும். 2024 ஆகஸ்டில் வந்த பாடத்திட்டப் பதிப்பில், ரௌட்டர்கள் பாதையைக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் முறை உள்ளிட்ட ஐபி இணைப்புப் பகுதிக்கு மட்டும் 25 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். தானியக்கமாக்கலுக்கு 10 விழுக்காடுதான். இணைப்புப் பகுதியில் நீங்கள் குறைவாக எடுத்திருந்தால், அதைச் சரிசெய்யும்வரை மற்ற புத்தகங்களைத் திறக்க வேண்டாம். பேக்கெட் டிரேசரில் மூன்று ரௌட்டர்களை இணைத்து, ஒரு கேபிளை அறுத்துவிட்டு, பாதை எப்படி மாறுகிறது என்று ரௌட்டிங் பட்டியலில் பாருங்கள்.