பென்ஸைக் கொடுத்து வேகன் வாங்கலாமா?

நுவரெலியா மாவட்டத்து லிந்துலையிலிருந்து ஓய்வுபெற்ற வர்த்தகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் 2011ஆம் ஆண்டின் பென்ஸ் ஈ 200 கார் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. அவருடைய நடைச்சட்டத்தையும் (வாக்கர்) வாராந்தச் சந்தைச் சாமான்களையும் ஏற்றி இறக்கப் பெரிய காரின் டிக்கி வசதிப்படவில்லை. இந்த நிலையில் கண்டித் தரகர் ஒருவர், காரை எடுத்துக்கொண்டு 2014ஆம் ஆண்டின் டொயோட்டா பீல்டர் ஹைபிரிட் வேகன் ஒன்றும், கையில் கொஞ்சம் பணமும் தருவதாகச் சொல்கிறாராம். "1500 சிசி எஞ்சின் ஐந்து பேரோடு இறம்பொடை ஏற்றத்தில் ஏறுமா? இப்படி மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனமா?" என்று கேட்கிறார்.

ஐயா, முதற் கேள்விக்கான பதில் சுருக்கமானது: ஏறும். உங்கள் பென்ஸ் ஏறுவதைப் போல ஏறாது, ஆனால் ஏறும். உங்கள் காரின் எஞ்சின் 1800 சிசி, டர்போ பூட்டியது, 184 குதிரைவலு கொண்டது. பீல்டர் ஹைபிரிட்டில் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தே ஏறத்தாழ 100 குதிரைவலுதான் தரும். எனினும் அந்த வேகன் உங்கள் காரைவிட முந்நூறு கிலோவுக்கு மேல் இலேசானது என்பதால் வித்தியாசம் காகிதத்தில் தெரிகிற அளவுக்குத் தெருவில் தெரியாது. வீதி குறுகலான இடங்களில் உண்மையில் உங்களுக்கு நிம்மதியே அதிகமாக இருக்கும். பென்ஸின் அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1850 மில்லிமீற்றருக்கு மேல். பீல்டர் 1695 மில்லிமீற்றர். தோட்டத்து வீதியில் கொழுந்து லொறி எதிரே வந்து நிற்கும்போது அந்த ஆறு அங்குலத்தின் அருமை விளங்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் கொழும்பில் காட்டிய பலத்தை இங்கே காட்டாது. உங்கள் பென்ஸில் டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளியதால் இந்தக் குறையை நீங்கள் இவ்வளவு காலமும் உணராமலே ஓட்டியிருக்கிறீர்கள். ஹைபிரிட்டின் எஞ்சினுக்கும் இந்தக் குறை உண்டு. ஆனால் மின்மோட்டாருக்குக் காற்றுத் தேவையில்லை, ஆகவே மலைநாட்டுக்குச் சாதாரணச் சிறிய பெற்றோல் எஞ்சினைவிட ஹைபிரிட் பொருத்தமானது என்பது என் கருத்து. நீண்ட ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் பெற்றரியின் சேமிப்புக் குறைந்து, எஞ்சின் தனியே முனகுவது கேட்கும். அது பழுதல்ல, பயப்பட வேண்டாம். இறக்கத்தில், குறிப்பாக நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்தில், கியரை 'B' நிலையில் (நிறுத்தி வைக்கும் 'P' அல்ல) போட்டுக்கொள்ளுங்கள். பெற்றரி நிரம்பிய பிறகு அது மேலும் மின்னை வாங்காது, எஞ்சினின் பிடிப்பு இல்லையென்றால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும்.

வேகனைத் தெரிவு செய்வதில் ஓர் எச்சரிக்கை. கடைசி நேரத்தில் தரகர், "பீல்டர் கைமாறிவிட்டது, அதே விலைக்கு இன்னும் புதிய ஹோண்டா ஷட்டில் ஹைபிரிட் தருகிறேன்" என்று சொல்லக்கூடும். அது உள்ளே பார்க்க அழகான வண்டி. ஆனால் 2015இல் வந்த ஷட்டில் ஹைபிரிட்டில் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் இரண்டு பூட்டிய, ஏழு வேகக் கியர்ப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதே வகைக் கியர்ப் பெட்டியுடன் முன்னர் வந்த ஃபிட் ஹைபிரிட்டை ஜப்பானிலேயே பல தடவை திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் வழுக்கிச் சூடேறி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வளைவில் ஓரமாக நிறுத்தி ஆறவைக்க வேண்டிய நிலை ஏற்படும். சமவெளியில் வாழ்பவருக்கு அது பெரிய குறையல்ல, உங்களுக்குக் குறை.

இனி இரண்டாவது கேள்வி. ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது எஞ்சின் அல்ல, இந்த மாற்றுப் பேரந்தான். இரண்டு வாகனங்களின் விலையும் ஒரே பேச்சில் கலந்துவிடும்போது, எதில் நட்டம், எதில் இலாபம் என்பது உங்களுக்குத் தெரியாது, தரகருக்கு மட்டும் தெரியும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை நியாயத்தை மீறி ஏறியது. இப்போது அதையே வைத்து, "இறக்குமதி திறந்துவிட்டது, உங்கள் பென்ஸின் விலை விழப் போகிறது, இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு வாயால் சொல்வார்கள். அதே மூச்சில், "வரி கூடிவிட்டது, வேகன் விலை ஏறப் போகிறது, இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்பார்கள். ஒரே மனிதர் ஒரே காரணத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பிடிக்கும்போது நாம் சற்று விலகி நின்று பார்ப்பது நல்லது. ஆகவே உங்கள் காரைத் தனியாக விற்றுவிடுங்கள். பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்த பிறகு வேகனைத் தனியாக வாங்குங்கள். இடையில் இரண்டு வாரம் முச்சக்கரவண்டியில் போய்வர நேர்ந்தால் போய்வாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஓப்பன் பேப்பர். வாங்குகிறவரின் பெயரை எழுதாமல், உரிமை மாற்றப் படிவத்தில் உங்கள் கையொப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாகனத்தைக் கொண்டுபோய்விடுவார்கள். தரகருக்கு இது வசதி: அவர் பெயர் வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஏறாமலே, மாற்றக் கட்டணம் கட்டாமலே, அடுத்தவருக்கு விற்று இலாபம் எடுத்துவிடலாம். உங்களுக்கு என்ன மிச்சம்? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் அந்தக் கார் இன்னமும் உங்களுடையது. அது எங்கே யாரை மோதினாலும், எந்தச் சோதனைச் சாவடியில் எந்தச் சாமானோடு பிடிபட்டாலும், பொலிஸார் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். பெறுமதியான சொத்து ஒன்று உங்கள் பெயரில் இருக்கிறதே என்று வருமான வரிக்காரர்கள் கேட்டாலும் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

என் மைத்துனர் ஒருவர் இப்படித்தான் அகப்பட்டார். மஸ்கெலியாவில் வைத்து, மழையில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காரின் பொனட்டின் மேலேயே படிவத்தை வைத்துக் கையொப்பமிட்டார். பணத்தை எண்ணிப் பார்ப்பதில் இருந்த கவனம் படிவத்தின் வெற்றுக் கட்டங்களில் இருக்கவில்லை. பதினான்கு மாதங்கள் கழிந்து ஒரு காலையில் பொலிஸார் வாசலில் நின்றார்கள். குருநாகல் பக்கத்தில் அந்தக் கார் ஒரு சைக்கிள்காரரை மோதிவிட்டு நிற்காமல் போயிருந்தது. தரகரின் தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. தம்மிடம் இப்போது அந்தக் கார் இல்லை என்பதை நிரூபிப்பதற்கு மைத்துனர் மூன்று தடவை நீதிமன்றப் படியேறினார். கையில் இருந்ததோ பின்புறத்தில் தொகை எழுதப்பட்ட ஒரு பெயரட்டை மாத்திரம்.

ஆகவே, படிவத்தில் வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதப்பட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். காரை ஒப்படைத்த திகதி, நேரம், மீற்றர் இலக்கம் ஆகியவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, அவருடைய அடையாள அட்டைப் பிரதியை அதனோடு இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று காத்திராமல், உரிமை மாறியதை விற்றவராகிய நீங்களே திணைக்களத்துக்கு உடனடியாகப் பதிவுத் தபாலில் அறிவித்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காரின் மேல் லீசிங் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

இதே கண்ணோடு நீங்கள் வாங்கப்போகும் வேகனின் புத்தகத்தையும் பாருங்கள். அதில் இருக்கும் பெயர் உங்களுக்கு விற்பவரின் பெயர்தானா? பெரும்பாலும் இருக்காது. இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கும். ஆனாலும் பதிவு உரிமையாளர் உயிரோடிருந்து, நேரில் வந்து கையொப்பமிடுவாரானால் சமாளித்துவிடலாம். அவர் காலமாகியிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. அவர் உயிரோடிருந்தபோது வெற்றுப் படிவத்தில் இட்ட ஒப்பத்தைத் தரகர் எடுத்துக் காட்டி, "இது போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். போதாது. இறந்தவரின் சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது; இறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், சத்தியக் கடதாசிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள்; சில வேளைகளில் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதால், பிறப்புச் சான்றிதழில் முத்தையா, அடையாள அட்டையில் முத்தையா பெருமாள், வாகனப் புத்தகத்தில் பெருமாள் மாத்திரம் என்று ஒரே மனிதர் மூன்று பேராக நிற்பார். இந்த மூவரும் ஒருவரே என்று பிரதேச செயலகத்துக்கும் சட்டத்தரணிக்கும் அலைந்து நிரூபிப்பதற்குள் வேகனின் டயர் தேய்ந்துவிடும். ஒரு சொத்துக்கு உரியவர் யார் என்பதை அதைப் பதிந்து கொடுத்த அரசாங்கமே திரும்பத் திரும்ப நம்மிடம் கேட்பதும், அந்தக் கேள்விகூட நமக்கு விளங்காத மொழியில் ஒரு கடிதமாக வருவதும் இந்த நாட்டில் எப்போது நிற்குமோ தெரியவில்லை. எனவே பதிவு உரிமையாளர் இறந்துவிட்டார் என்று தெரியவந்தால், வாரிசுகள் தங்கள் பெயருக்கு மாற்றி முடிக்கும் வரை ஒரு சதமும் முற்பணம் கொடுக்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாயினும் சரி, அந்த வேகனை விட்டுவிடுங்கள்.

வண்டியைப் பார்க்கும்போது, ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை நம்பவேண்டாம். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது வண்டியின் ஓட்டத்தையும் நிலையையும் எழுதிய ஏல அறிக்கையின் பிரதியைத் தரகர் நீட்டினால், அதிலுள்ள சட்டக (செசி) இலக்கமும் வண்டியிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேகனில் ஹைபிரிட் பெற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால், வெள்ளத்தில் நின்ற வண்டி பிறகு எந்நாளும் தொல்லைதான். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொழும்பு ஓரங்களில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அவையெல்லாம் பழைய இரும்புக்கு விற்கப்பட்டன என்று நான் நினைக்கவில்லை. பாதுகாப்புப் பட்டியை முடியுமட்டும் வெளியே இழுத்து, அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆசனத்தைக் கழுவுகிறவர்கள் பட்டியின் அடியைக் கழுவ மறந்துவிடுவார்கள்.

பின் ஆசனத்தின் பக்கத்தில், கை உயரத்துக்கும் கீழே, சிறிய துளைகளுடன் ஒரு காற்று வாயில் இருக்கும். பெற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. வேகன் என்றதும் நம்மவர்கள் லீக்ஸ் மூட்டையையும் உரப் பையையும் அதற்கு முன்னால் அடைத்துவிடுகிறார்கள். சென்ற வருடம் என் கராஜுக்குப் "பெற்றரி செத்துவிட்டது" என்று கொண்டுவரப்பட்ட ஒரு வண்டியில் அந்த மூடியைக் கழற்றினேன். வடிகட்டி முழுவதும் தேயிலைத் தூள், நடுவில் காய்ந்த கரட் இலை ஒன்று. தட்டித் துடைத்துப் பூட்டியதும் விளக்கு அணைந்துவிட்டது. அதற்கு முன் ஒருவர் அந்த உரிமையாளரிடம் புதிய பெற்றரிக்கு விலை பேசியிருந்தார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பீல்டரின் ஆசனம் உங்கள் பென்ஸின் ஆசனத்தைவிடப் பெரிதாக உயரமில்லை. முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் உங்கள் மனைவியை அழைத்துப் போங்கள். அவர் வழமையாக உடுத்தும் சேலையோடு, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி முன் ஆசனத்தில் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். மூன்றாவது தடவையும் உங்கள் கை உதவியில்லாமல் எழுந்தாரென்றால், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, குளிர் விலகாத ஒரு காலையில் லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்கு அந்த வேகனை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். தரகர் அதற்கு மறுத்தால், அவரிடம் வேறெதையும் கேட்க வேண்டியதில்லை.