250 டாலர் கிரில்லா, 600 டாலர் கிரில்லா?

கேள்வி: நியூ ஜெர்சியில் போன வருடம் வீடு வாங்கினோம். பேக்யார்டில் வைக்க கேஸ் கிரில் தேடுகிறோம். கடையில் நான்கு பர்னர், பக்கவாட்டில் தனி அடுப்பு, 40,000 பி.டி.யூ. என்று எழுதிய ஒன்று 250 டாலர். மூன்றே பர்னர் உள்ள இன்னொன்று 600 டாலர். பெயருக்காகத்தான் அந்த விலை என்கிறார் என் கணவர். உண்மையா?

பதில்: கொஞ்சம் பெயருக்கும்தான். மீதிக் காசு எங்கே போகிறது என்று தெரிய, மூடியைத் திறந்து, கம்பித் தட்டைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள். நெருப்பு படும் இடம்தான் கிரில்லின் ஆயுள். மினுமினுக்கும் கதவும் கைப்பிடியும் அதைச் சொல்லாது.

முதலில் அந்த 40,000. பி.டி.யூ. என்பது வெப்பத்தின் அலகு; மணிக்கு எவ்வளவு கேஸ் எரியும் என்பதற்கான கணக்கு அது. கோழிக்கு எவ்வளவு சூடு போய்ச் சேரும் என்பதற்கு அல்ல. தட்டின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 500 சதுர அங்குலத்துக்கு 40,000 என்றால் சதுர அங்குலத்துக்கு 80. 400 சதுர அங்குலத்துக்கு 32,000 என்றாலும் அதே 80தான். மூடி மெல்லிய தகடாக இருந்தால், காற்றடிக்கும் நாளில் எவ்வளவு எரித்தாலும் சூடு நிற்காது. 20 பவுண்டு சிலிண்டர், 40,000-ல் முழுவீச்சில் எரிந்தால் ஏறக்குறைய 11 மணி நேரத்தில் காலி.

என் முதல் கிரில் அந்த 250 டாலர் ரகம்தான். மூன்றாவது கோடையில் ஒரு நாள், தயிரும் மிளகாய்த்தூளும் தடவி ஊறவைத்த கோழித்தொடைகளை அடுக்கினேன். இடது பக்கம் கருகுகிறது, வலது பக்கம் எலும்போரம் வேகவே இல்லை. ஆறவிட்டுப் பிரித்தேன். பர்னர் குழாயில் வரிசையாக இருந்த பொடி ஓட்டைகளில் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அதற்கு மேல் கூரைபோல இருந்த தகட்டை எடுத்தேன், அப்பளம் மாதிரி கையிலேயே நொறுங்கியது. மாற்று பர்னர் தேடினால், அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் முழு கிரில்லையும் குப்பைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

அதனால் கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் பார்ப்பார்களே, அதே சோதனைதான். பர்னரிலும் அந்தக் கூரைத் தகட்டிலும் நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் 430 என்ற எண்ணுள்ள எவர்சில்வர் போன்ற மலிவு ரகம். ஒட்டாவிட்டால், அல்லது வளைவுகளில் மட்டும் லேசாக இழுத்தால், துருவைத் தாங்கும் 304 ரக எவர்சில்வராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் உத்தரவாதச் சீட்டில் பர்னருக்கு எத்தனை வருடம் என்று பாருங்கள். பத்து வருடம் தருகிறவர்கள் உண்டு, ஒரே வருடத்தோடு கைகழுவுகிறவர்களும் உண்டு. உதிரி பாகம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

வாரம் ஒரு முறையாவது பற்றவைப்பீர்கள் என்றால், இந்தச் சோதனையில் தேறுகிற 600 டாலர் கிரில்லை வாங்குங்கள். அதற்கு மேல் 1,500, 2,000 என்று ஏறும்போது விளக்கு, சுழல் கம்பி, கூடுதல் பர்னர் என்றுதான் வரும். இரண்டு குடும்பம் சாப்பிட அதெல்லாம் வேண்டாம். பக்கவாட்டு அடுப்பையும் நான் பொருட்படுத்த மாட்டேன்.

கோடைக்கு நாலைந்து முறைதான் என்றால் இரண்டு கேஸ் கிரில்லுமே வேண்டாம். 22 அங்குல உருண்டைக் கரி கிரில் ஒன்று போதும். 1952-ல் சிகாகோ பக்கம் வெபர் உலோகப் பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல் மிதவைக்கான உருண்டையைப் பாதியாக வெட்டிச் செய்த வடிவம் அது. துளை விழ பர்னரே இல்லை. சுவையும் கரியில்தான் தூக்கல். கேஸ் கிரில்லில் 250 டாலருக்கும் 600 டாலருக்கும் நாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது; சீராக வேகிறதா, எத்தனை வருடம் நிற்கிறது என்பதில்தான் தெரியும்.

எந்த கேஸ் கிரில் வாங்கினாலும், சிலிண்டர் மாட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். குளிர்காலம் முடிந்து முதல்முறை பற்றவைக்கும் முன் பர்னர் குழாய்க்குள் சிலந்திக்கூடு இருக்கிறதா என்று பார்த்து, கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அடைப்பு இருந்தால் நெருப்பு பின்பக்கமாக வரும்.

அவசரம் இல்லையென்றால் செப்டம்பர் முதல் திங்கள், லேபர் டே வரை பொறுங்கள். கோடைச் சரக்கைக் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தள்ளுகிற நேரம் அது.