கடல் டெக்னாலஜிய பத்திரிகைக்காரங்ககிட்ட எப்படி கொண்டு போறது?

கேள்வி: மேடம், கடலுக்கடியில போற பைப்லைன்ல அரிப்பு வருதான்னு பாக்கற சென்சார் பண்றோம், சின்ன கம்பெனிதான். வெளிநாட்டு ஆஃப்ஷோர் பத்திரிகைங்களுக்கெல்லாம் ஒரே பிரஸ் ரிலீஸ அனுப்பினேன், ஒரு பதில் கூட வரல. ரிலீஸ இதோட வச்சிருக்கேன், எங்க தப்புன்னு சொல்லுங்க.
- வாசகர், கிண்டி

பதில்: முழுசா படிச்சேன். "உலகிலேயே முதல்முறையாக"ன்னு ஆரம்பிக்குது, "புரட்சி" ரெண்டு இடத்துல வருது, ஆனா சென்சார எந்தக் கடல்ல எத்தனை மீட்டர் ஆழத்துல போட்டீங்க, எத்தனை மாசம் வேலை செஞ்சுதுங்கறது கடைசி வரைக்கும் இல்லவே இல்ல. இந்தப் பத்திரிகைங்கள படிக்கறவங்க இன்ஜினியருங்க, அவங்களுக்கு வேண்டியது அதுதான்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2022 நவம்பர்ல ஐஐடி மெட்ராஸ் சிந்துஜா-1ங்கற அலை மின்சாரக் கருவிய தூத்துக்குடி பக்கம் சோதிச்சாங்க, கரையிலிருந்து 6 கிலோமீட்டர், 20 மீட்டர் ஆழம், கிடைச்சது 100 வாட். சின்ன அளவுதான், ஆனா அத மறைக்காம சொல்லிட்டு, அடுத்த மூணு வருஷத்துல 1 மெகாவாட்டுங்கறத இலக்குன்னு தனியா வச்சாங்க. நடந்தது வேற, நடக்கப்போறது வேறன்னு இப்படி பிரிச்சு சொன்னா எந்த நிருபரும் நம்பி எழுதுவாங்க. டேங்க்ல மட்டும் டெஸ்ட் பண்ணியிருந்தா டேங்க்லன்னே போடுங்க.

இன்னொன்னு, "டிஆர்எல் 7"னு மொட்டையா எழுதியிருக்கீங்க. டிஆர்எல்னா ஒரு டெக்னாலஜி எவ்வளவு தூரம் தயாராயிருக்குங்கறதுக்கான எண். கடலடி ஆயில் வேலைக்கு ஏபிஐ 17என்ங்கற, அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டோட அளவுகோல்ல 0 முதல் 7 வரைக்கும்தான், அங்க 7னா ஃபீல்டுல ஓடி நிரூபிச்சாச்சுன்னு அர்த்தம், ஆனா 1 முதல் 9 வரை போற அளவுகோல்ல 7 வெறும் புரோட்டோடைப் கட்டம். எதுன்னு சொல்லாம விட்டா விஷயம் தெரிஞ்ச நிருபர் அங்கயே மூடி வச்சிடுவார்.

கஸ்டமர் பேர் போட்டிருக்கீங்களே, எழுத்துல அனுமதி வாங்கினீங்களா? நிருபர் அவங்களுக்கு போன் பண்ணுவார், அவங்க "எங்களுக்குத் தெரியாதே"ன்னா அந்த ஸ்டோரி போச்சு, உங்க கான்ட்ராக்டுக்கும் ஆபத்து. இத முதல்ல முடிங்க.

அப்புறம் மொத்தமா அனுப்பாதீங்க. காற்றாலை பக்கம் எழுதறவருக்கு ஆயில் பைப்லைன் சென்சார் எதுக்கு? யார் கடலடி விஷயம் எழுதறாங்கன்னு அவங்க சமீபத்துக் கட்டுரைங்கள படிச்சுப் பாத்து, அவங்களுக்கு மட்டும் பத்து வரியில மெயில் போடுங்க, நல்ல போட்டோ லிங்க்கோட. மே மாசம் அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஓடிசிங்கற பெரிய ஆஃப்ஷோர் டெக்னாலஜி கண்காட்சி நடக்கற வாரத்துல அனுப்பினா கூட்டத்துல காணாமப் போயிடும், சில வாரம் முன்னாடியே அனுப்பிடுங்க. நம்ம காலை பத்து மணி அங்க நடுராத்திரி, சாயங்காலம் ஏழுக்கு அனுப்பினா அவங்க காலைல ஆபீஸ் வர்ற நேரத்துக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: விளம்பரம் தர்றோம்னு சொன்னா செய்தி போடுவாங்களா?
- வாசகி, பெருங்குடி

பதில்: நிருபருக்குப் போற மெயில்ல அத எழுதவே எழுதாதீங்க. விளம்பரப் பிரிவு தனி, அங்க காசு கட்டிப் போடற பக்கத்துல ஸ்பான்சர்டுன்னு அச்சாகும். பட்ஜெட் இருந்தா தாராளமா அதையும் பண்ணுங்க, ஆனா அந்தப் பிரிவுகிட்ட தனியா பேசுங்க.